ஒன்பதாம் நம்பர் மலையில் அரைப்பேர் வாங்கிய மெஷின்

அக்கரப்பத்தனை,
06.12.2009, ஞாயிறு.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை கணேசமூர்த்தி அவர்களுக்கு,

மாமனார் அழகுமுத்து, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார் ராசம்மா, ஆடு இரண்டு, கோழி ஏழு எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். நீங்கள் தீபாவளிக்குக் கொண்டுவந்து தந்த மெஷின் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும், எங்கள் மகள் ஊர்மிளாவும், அவள் வயிற்றில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் "மாப்பிள்ளை, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தால் நீங்கள் "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்தாலும் மீட்டிங். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது பாருங்கள், அது பாட்டுக்கு மேசையில் கிடக்கும், நீங்கள் எப்போது வந்தாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். விசயம் இதுதான்: ஊர்மிளாவுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது உங்கள் வட்டவளைப் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான், உங்களையே உங்கள் அம்மா அப்படித்தான் பெற்றார்கள், நான் விசாரித்துவிட்டேன். பத்து நாளில் மார்கழி பிறந்துவிடும், அப்புறம் அழைத்து வர முடியாது. தை வந்தால் எட்டாம் மாதம், இரட்டை மாதத்தில் யாரும் அழைக்க மாட்டார்கள். மாசி வந்தால் நிறைமாதம், அந்த வயிற்றோடு நம்முடைய வளைவு ரோட்டில் வண்டி ஏற்ற நான் விட மாட்டேன். ஆகவே வருகிற ஞாயிறு, பதின்மூன்றாம் தேதி, அவளை நீங்கள் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

இதைத் தீபாவளி அன்றே சொன்னோம். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்கு அடுத்த தெருவுலதான் மாமா, பிரசவம் கொழும்புலயே நடக்கட்டும், நீங்க மகள தினமும் இதுல பாத்துக்கலாம்" என்று சொல்லி ராசம்மாவின் மடியில் அந்த மெஷினை வைத்தீர்கள். மடக்கினால் சோற்றுப் பெட்டி அளவு. ராசம்மா அதைத் திறந்து பார்த்து, மேலே கண்ணாடி, கீழே கட்டம் கட்டமாய்ப் பல்லு, "இதுக்குள்ளயா எம்புள்ள வரும்?" என்று கேட்டாள். வரும் அத்தை என்றீர்கள். உள்ளே போட்டிருப்பது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து விண்டோஸ் என்றும், சின்ன மெஷினுக்குப் புதியதைத் தூக்கத் தெம்பு இல்லை, பழையதுதான் இலேசு என்றும் எனக்கு விளக்கினீர்கள். "செஞ்ச கம்பனி இத இப்ப பாக்குறதில்ல மாமா. ஆனா ஓடும்" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஓடியது மாப்பிள்ளை, ஓடவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அது ஓடிய விதத்தைக் கேளுங்கள். நான் முப்பத்தாறு வருஷம், பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்றவன். காலையில் பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவரை என்ன ஏது என்று கேட்காமல் விட்டதில்லை. இந்த மெஷினுக்குப் பட்டனை அமுக்கினால் முதலில் ஒரு முனகல், பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை எழுத்து ஓட்டம், பிறகு மேகம் போட்ட படம் ஒன்று வந்து நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும்தான். நான் எழுந்து போய், முகம் கழுவி, விபூதி பூசி, ராசம்மா கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, ஆட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் மேகம் அப்படியே நிற்கும். ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன், பதினாலு நிமிஷம். என்னிடம் வேலை செய்த ஆளாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மாப்பிள்ளை தந்தது என்று பொறுத்துக்கொண்டேன்.

அடுத்தது அந்த டொங்கிள். இன்டர்நெட்டுக்கு என்று ஒரு வெள்ளைக் குச்சி தந்தீர்களே, அது. எங்கள் வீட்டில் சிக்னல் இல்லை, ஒன்பதாம் நம்பர் மலையில் பாறைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் வரும், கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லாம் அங்கே நின்றுதான் மத்திய கிழக்கில் இருக்கிற பிள்ளைகளோடு பேசுவார்கள். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை நானும் ராசம்மாவும் மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மலை ஏறினோம். ராசம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, கலியாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், மகள் பார்ப்பாளே என்று. அட்டை கடித்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பத்து மணித் தேத்தண்ணி நேரம், கொழுந்துக் கூட்டம் முழுவதும் எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. நான் பாறை மேல் மெஷினை வைத்துப் பட்டனை அமுக்கினேன். முனகல். கறுப்பு. மேகம். நாற்பது பெண்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தேத்தண்ணி முடிந்தது, வெற்றிலை முடிந்தது. ஒருவழியாய் மேகம் விலகி, நான் குச்சியைச் சொருகினால், "இது என்ன சாமான் என்று எனக்குத் தெரியாது" என்று மெஷின் இங்கிலீசில் ஒரு கட்டம் போட்டுச் சொல்கிறது, படித்த பெண் ஒருத்தி வாசித்துச் சொன்னாள். உங்களுடைய குச்சி போன வருஷம் பிறந்தது, மெஷினுக்குள் இருப்பவர் பதினொரு வருஷத்துக்கு முந்தி வந்தவர், அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்?

அப்போது மீனம்மா எழுந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியும், கலியாணத்தில் உங்கள் காலைக் கழுவும்போது தண்ணீரை முழங்காலுக்கு ஊற்றினாளே, அவள்தான். நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் கொழுந்து நிறை குறைந்தது என்று அவளுக்கு எத்தனையோ தரம் அரைநாள் சம்பளம்தான் போட்டிருக்கிறேன். அரைப்பேர் என்போம் அதை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மீனம்மா சொன்னாள்: "கணக்கப்புள்ள ஐயா, வந்ததும் லேட்டு, கூடையும் காலி. ஒங்க மிசினுக்கு அரைப்பேரு போடுங்க ஐயா!" மலை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? ராசம்மா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள், மழை என்று சொன்னாள். அன்றைக்கு மழை இல்லை மாப்பிள்ளை.

அதற்கு அடுத்த கிழமை மெஷின் நீலமாகியது. திரை முழுக்க நீலம், நடுவில் வெள்ளை எழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீசு துரைமாருக்கு "யெஸ் சேர்" சொல்லும் அளவுதான், ஆகவே சிவபாதம் மாஸ்டரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நம்முடைய தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாய் இங்கிலீசும் கணக்கும் படிப்பிக்கிறார், ஒரு சொல் கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அழகுமுத்து, மரணத்துக்குரிய விதிவிலக்கு ஒண்டு நிகழ்ந்துவிட்டது எண்டு போட்டுக் கிடக்கு."

ராசம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள். "மரணமா? யாருக்குங்க மாஸ்டர்?"

"அது போடேல்லை அம்மா."

இதற்குப் பிறகு ராசம்மாவைப் பிடிக்க முடியுமா? கர்ப்பிணிப் பிள்ளை முகம் வர வேண்டிய பெட்டியில் இப்படி ஓர் எழுத்து வரலாமா என்று, உப்பு, காய்ந்த மிளகாய், வாசல் மண் எல்லாம் எடுத்து மெஷினுக்கு மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் மாஸ்டர் தும்மி, நான் தும்மி, தும்மும்போது என் கை பட்டு மெஷின் அணைந்து, பிறகு தானாகவே முனகி, மேகம் வந்தது. "பாத்தீங்களா, கண்ணு பட்டதுதான்! மீனம்மா கண்ணு!" என்றாள். மாஸ்டருக்கு அதை மறுத்துச் சொல்ல மனசு நிறைய ஆசை, ஆனால் இருமல் விடவில்லை.

உங்களுக்கு அன்றைக்குத்தான் நான் போன் எடுத்தேன். மீட்டிங்குக்கு நடுவில் ஒரு சொல் சொன்னீர்கள்: "பாரம் கூடிருச்சு மாமா. உள்ள தேவையில்லாதத வெட்டி விடுங்க, சுறுசுறுப்பாயிரும்." இந்த ஒரு சொல்தான் மாப்பிள்ளை, இந்த ஒரு சொல்தான். வெட்டு என்று ஒரு தேயிலைக்காரனிடம் சொல்லலாமா? வெட்டுவது எனக்குத் தெரியாதா? மரம் வயதாகி, கிளையும் வாதும் முற்றி, கொழுந்து விடாமல் நின்றால் கவ்வாத்து வெட்டுகிறோம். முழங்கால் உயரத்துக்கு மேலே உள்ளதை எல்லாம் சீவித் தள்ளிவிட்டு, மரம் மூச்சுவிட ஒரே ஒரு வாதை இலையோடு விட்டு வைக்கிறோம். மெஷினைத் திறந்து பார்த்தேன், மஞ்சள் மஞ்சளாய்ப் பை பையாய் இருந்தது. ஒவ்வொரு பையிலும் நூறு, இருநூறு என்று அடர்ந்து கிடந்தது, காற்றுப் போக வழியில்லை. எந்தப் பை பெரிதோ அதில் முதலில் கை வைத்தேன். விண்டோஸ் என்று பெயர் போட்ட பைதான் எல்லாவற்றிலும் பெரிது, கவ்வாத்து காணாமல் பத்து வருஷம் வளர்ந்தது போலக் கிடந்தது. ஒவ்வொரு பையிலும் ஒன்றை மூச்சுக்கு விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். சிலது வெட்ட விடவில்லை, முற்றின வாது என்று விட்டுவிட்டேன். உங்கள் கலியாணப் படங்கள் இருநூற்றுப் பதினாறிலும் ஒன்றை விட்டிருக்கிறேன், நீங்கள் பந்தியில் லட்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற படம். உங்களிடம் வேறு பிரதி இருக்கும்தானே? கவ்வாத்து முடிந்தால் மரத்தில் பாசி சுரண்ட வேண்டும், ஆகவே பழைய பல்துலக்கும் பிரஷால் அந்தப் பல்லுகளுக்கு இடையில் எல்லாம் சுரண்டினேன். இரண்டு பல் கழன்றது. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு மெஷினை அணைத்து, சாக்குத் துண்டால் மூடி, ஜன்னலோரம் வெளிச்சம் படும்படி வைத்தேன். ராசம்மா வந்து, "இது எப்பங்க வேல செய்யும்?" என்றாள். கவ்வாத்து வெட்டினால் தொண்ணூறு நாள் கையே வைக்கக்கூடாது, துளிர் வரட்டும் என்றேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "தொண்ணூறு நாளா? புள்ள பொறந்து, பேரு வச்சி, காது குத்திருவாங்க! நீங்க தொளிரு பாத்துக்கிட்டு ஒக்காந்திருங்க!" என்று அகப்பையைத் தரையில் எறிந்தாள். முப்பத்தோரு வருஷக் குடும்பத்தில் அவள் அகப்பையை எறிந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவைக்கும் நான்தான் காரணம், அது வேறு கதை.

வேறு வழியில்லாமல் மறுநாளே மெஷினை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி பஜாருக்குப் போனேன். லாபிர் நானாவின் மகள் ஷிபானா போன், கம்ப்யூட்டர் பார்க்கிற கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறாள், கெட்டிக்காரப் பிள்ளை, கண்டிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தவள். பட்டனை அமுக்கினாள், முனகல்கூட வரவில்லை. ஏதோ செய்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஐயா, இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே. ஒவ்வொண்டுலயும் ஒவ்வொண்டுதான் ஈக்கி. யாரு வெட்டின?" கவ்வாத்து வெட்டினேன் மகள் என்றேன். அந்தப் பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பில் லாபிர் நானா பின்னால் இருந்து எழுந்து வந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா வெட்டாட்டியும் இது சரிவராது. இது தொண்ணூத்தெட்டு. டொங்கிள் தெரியாது, கெமரா தெரியாது, வைரஸ் வந்தா மருந்தும் இல்ல. செஞ்சவங்களே ரெண்டாயிரத்து ஆறு ஜூலையோட கைய உட்டுட்டாங்க. இத வச்சி ஒண்டும் செய்யேலா."

இரண்டாயிரத்து ஆறு ஜூலை. அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது மாப்பிள்ளை. அதே மாதம்தான் தோட்டம் எனக்கும் ஒரு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் தந்து அனுப்பி வைத்தது. அன்றைக்குப் பிறகு யார் என்னைக் கேட்கிறார்கள்? ஆனால் நானும் ஓடுகிறேன்தானே. மெஷினை நான் அதுவரைக்கும் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன், அதற்காக வருத்தப்பட்டேன். பதினாலு நிமிஷம் எடுத்தால் என்ன, வந்து நின்றதா இல்லையா? எனக்கே இப்போது பாயைவிட்டு எழும்ப பதினாலு நிமிஷம் ஆகிறது.

ஆக, நடந்தது இதுதான். மெஷின் இப்போது அலுமாரிக்கு மேலே துணி போர்த்திக் கிடக்கிறது. இனி அது எழும்பாது. மகள் முகத்தை அதில் பார்ப்பது என்பது நடவாத காரியம். ஆகவே நீங்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை ஊர்மிளாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். நுவரெலியாவில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, லாபிர் நானா தன்னுடைய வேனை எந்த நேரம் கூப்பிட்டாலும் தருவதாகப் பள்ளிவாசல் பக்கம் கை காட்டிச் சொல்லியிருக்கிறார். தோட்டத்து மிட்வைஃப் நோனா கிழமைக்கு இரண்டு தரம் வந்து பார்ப்பார். ராசம்மா இஞ்சி, மஞ்சள், பெருங்காயம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். பழைய சேலைகளைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டாள். நீங்கள் மாட்டேன் என்று சொன்னால் அவள் அதையெல்லாம் திரும்பப் பெட்டியில் வைப்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதை மட்டும் எனக்குச் செய்துவிடாதீர்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கம். சிவபாதம் மாஸ்டர் தன்னுடைய விசாரிப்பையும் சேர்த்து எழுதச் சொன்னார். மீனம்மாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், எதைக் கேட்டாள் என்று சொல்லவில்லை. அம்மன் துணை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
மு. அழகுமுத்து.

பி.கு.: மேலே உள்ளதை ராசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சரியா எழுதிருக்கீங்க, ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை, நான் முப்பத்தாறு வருஷத்தில் வராத ஆளுக்குப் பேர் போட்டதும் இல்லை, வேலை செய்த ஆளுக்குப் பேர் வெட்டியதும் இல்லை. அந்த மெஷின் வேலை செய்கிறது. அலுமாரிக் கதை மட்டும் பொய். ஷிபானா அன்றைக்கே தொண்ணூற்றெட்டை எடுத்துவிட்டு, பென்குவின் பறவை படம் போட்ட ஒன்றை இனாமாகப் போட்டுத் தந்தாள். அதற்கு டொங்கிளும் தெரிகிறது, கெமராவும் தெரிகிறது. பதினைந்து நாளாய், நீங்கள் வேலைக்குப் போன பிறகு பத்து மணிக்கு, ஒன்பதாம் நம்பர் மலையில் ஊர்மிளா வருகிறாள். நாற்பது பெண்களும் அவளைப் பார்த்துவிட்டார்கள். "எந்திரிச்சி நில்லுடி, வயித்தப் பாப்போம்" என்று மீனம்மா சொல்ல, அவள் எழுந்து நின்று காட்டினாள், மலை முழுக்கக் குலவை போட்டது. முதல் நாள் ராசம்மா அவள் நெற்றியைத் தடவக் கையை நீட்டினாள். கை பட்டு மெஷின் மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் பிள்ளை இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு மழை என்றுகூடச் சொல்லவில்லை.

வேலை செய்யவில்லை என்று எழுதச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ராசம்மா இல்லை. உங்கள் பெண்சாதிதான். "வேல செய்யுதுன்னு தெரிஞ்சா இவரு என்ன அனுப்ப மாட்டாருப்பா. ஆஸ்பத்திரி கிட்டன்னு சொல்றதெல்லாம் சும்மா. மூணு மாசம் நா இல்லாம இருக்க முடியாதாம், சொல்ல வெக்கப்படுறாரு" என்றாள். இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? இதற்கு ஏன் மாப்பிள்ளை ஒரு மீட்டிங்? என்னிடம் நேரே சொல்லியிருக்கலாமே. ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளை விட்டுவிட்டு, மெஷினை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். ஷிபானாவிடம் வேறொன்று இருக்கிறது, தினமும் பத்து மணிக்கு மகளைப் பாறையில் உட்கார வைத்து உங்களுக்குக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு கிழமை, ஏழு நாளும், அதில் அவள் முகத்தைப் பாருங்கள். அது போதும் என்று பட்டால் எழுதுங்கள், மறுநாளே அவளை உங்களிடம் கொண்டுவந்து விடுகிறேன். போதாது என்று பட்டால் ஒன்றும் எழுத வேண்டாம், லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வாருங்கள், முன் காம்பரா அறையில் உங்களுக்கும் பாய் போட்டு வைத்திருக்கிறேன்.